நிறைநிலைப் பீடம்

ஆசியா உம்மாள் பொன்னரும்பு ஜவுளி மாளிகையில் பட்டுப் பிரிவில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். தச்சநல்லூர் போகிற சாலையில், முகப்பெல்லாம் கண்ணாடி போட்டு நிமிர்ந்து நிற்கிற கட்டடம் அது. உள்ளே வாடிக்கையாளர்கள் உட்கார மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு. அவர்களோடு வருகிற பிள்ளைகளுக்கு யானை வடிவ நாற்காலிகள் உண்டு. பெண்டாட்டி சேலை எடுத்து முடிப்பதற்குள் சலித்துப் போகிற ஆண்களுக்குத் தனியாக சோபா உண்டு. புதுச் சேலையின் கொசுவம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பொம்மைகளில்கூட உட்கார்ந்த கோலத்தில் சிலவற்றை வாங்கி வைத்திருந்தார்கள். விற்கிற பெண்கள் மட்டும் நிற்க வேண்டும். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்குகிற வரைக்கும்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது பொன்னரும்பு மாளிகை சட்டத்தை மீறவில்லை. உடனே ஸ்டூல்கள் வாங்கினார்கள். நீல ரெக்சின் போட்ட நல்ல ஸ்டூல்கள். பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் மேல்மாடி குடோனில் அடுக்கினார்கள். ஆய்வுக்கு யாராவது வருகிற அன்று அவை லிப்டில் இறங்கும். வந்தவர் ஒன்றில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனதும் மறுபடி லிப்டில் ஏறும். ஊழியர்கள் லிப்டில் போகக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. ஸ்டூல்கள் போகலாம்.

ஆசியா உம்மாளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாகப் புடைத்து, சாயங்காலம் ஆனால் உள்ளுக்குள் யாரோ தீக்குச்சி கிழிக்கிற மாதிரி எரியும். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா மாத்திரை எழுதுவதற்கு முன்னால், இடையிடையே உட்கார வேண்டும் என்று சொன்னார். கடை மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னபோது, மேலே சொல்கிறேன் என்றார். பக்கத்துப் பிரிவில் நிற்கிற முத்துராணியும் வேறு சில பெண்களும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். அப்போதும் மேலே சொல்கிறேன் என்றார். மேலே என்பது குடோனாக இருக்குமோ என்று முத்துராணி கேட்டாள்.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஆசியா உம்மாள் உள்பாவாடைத் துணிக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். எரிச்சல் அடங்கட்டும் என்றுதான் உட்கார்ந்தாள். அது அடங்குவதற்கு முன்னாலேயே கேமராவில் பார்த்துவிட்டு முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

முதலாளியை எல்லாரும் பொன்னரும்பு அண்ணாச்சி என்பார்கள். அவர் சமீபத்தில்தான் மனிதராக மாறியிருந்தார். இதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முக்கூடல் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற நிறைநிலைப் பீடம் என்கிற இடத்துக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்ததிலிருந்து அவர் யாரையும் திட்டுவதில்லை. முன்பெல்லாம் திட்டிவிட்டுச் சம்பளத்தைப் பிடிப்பார். இப்போது கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, முகம் மலர்ந்து, அதன் பிறகு பிடிப்பார்.

“உக்காந்தியாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி. கால் கடுத்துது.”

“கால் கடுக்கலம்மா. நீ ஒன்னைத் தேடல, அதுதான் கடுக்கு. நான் எதுக்குப் பொறந்தேன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கியா?”

ஆசியா உம்மாள் யாரும் எதையும் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லிப் பழகியவள். கொஞ்சம் நினைத்துப் பார்த்தாள். “இல்ல அண்ணாச்சி. நேரம் கெடைக்கல,” என்றாள்.

அண்ணாச்சி கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ஸ்டூல் கேட்ட அத்தனை பெண்களையும் பீடத்தின் மூன்று நாள் முகாமுக்கு அனுப்புவது என்று அந்த மூச்சை விடுவதற்குள் முடிவு செய்துவிட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் புருஷன் அசன் மைதீன் நம்பவில்லை. மேலப்பாளையத்தில் டீக்கடை வைத்திருப்பவன் அவன். எதற்குப் பிறந்தோம் என்று தானும் பல தடவை யோசித்ததுண்டு, ஆனால் யாரும் வேன் அனுப்பினதில்லை என்றான். போகாவிட்டால் வேலை இருக்காது என்று அவள் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, காலுக்குத் தடவுகிற எண்ணெயைப் பையில் எடுத்து வைத்தான்.

வேன் சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றோரமாகப் போனது. பீடத்தின் வாசலில் எல்லாருடைய செல்போனையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு செருப்பை வாங்கினார்கள். பழைய பாதையின் தூசி அதில் இருக்கிறதாம். கடைசியாகப் பெயரையும் வாங்கினார்கள். பழைய பெயரில்தான் பழைய வலி ஒட்டியிருக்கும் என்று வேணி என்கிற பெண் விளக்கினாள். பட்டுப் புடவையும் குதிகால் உயர்ந்த செருப்பும் போட்டு, காதோரம் மைக் வைத்திருந்தாள். அவளை ‘மாற்றத் தோழி’ என்று கூப்பிட வேண்டும். முத்துராணிக்கு ‘நன்றி’ என்று பெயர் வைத்தாள். ஆசியா உம்மாளுக்கு ‘நிமிர்வு’. வாப்பா வைத்த பெயரை மூன்று நாளைக்கு எங்கே வைப்பீர்கள் என்று ஆசியா உம்மாள் கேட்டாள். பத்திரமாக இருக்கும் என்றாள் வேணி, செருப்பு வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே.

உள்ளே பெரிய கூடம். ஒரு நாற்காலி இல்லை, பெஞ்சு இல்லை, பாய்கூட இல்லை. விடிந்ததிலிருந்து இரவு படுக்கிற வரைக்கும் தரையில் உட்காரவும் தடை. மேடையில் மட்டும் ஈட்டி மரத்தில் இழைத்து, சிவப்பு வெல்வெட் மெத்தை போட்டு, கை வைக்கச் சிங்க முகம் செதுக்கின ஆசனம் ஒன்று இருந்தது. அதில் வெள்ளை ஜிப்பாவும் எண்ணெய் மின்னுகிற தாடியுமாக வாழ்வியல் சிற்பி பூரணன் வந்து அமர்ந்தார். அவரைப் பார்த்ததும் முத்துராணி ஆசியா உம்மாளின் கையைக் கிள்ளினாள். முத்துராணி அம்பாசமுத்திரத்துக்காரி.

“யக்கா, இது எங்கூரு பூதத்தான்லா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இலவம்பஞ்சு மெத்தை வித்தவன். எங்க அண்ணன் கல்யாணத்துக்கு இவன்கிட்டதான் மெத்தை எடுத்தோம். ஒரு வருசத்துல கட்டி கட்டியாப் போச்சு.”

பூரணன் பேச ஆரம்பித்தார். அவர் மைக்கில் பேசுவது காதில் பஞ்சை அடைக்கிற மாதிரி மெத்தென்று இருந்தது.

“அன்பு உயிர்களே, மனிதன் ஏன் துன்பப்படுகிறான்? உட்கார நினைக்கிறான், அதனால் துன்பப்படுகிறான். உட்கார நினைக்காதவனுக்கு நிற்பதில் துன்பம் ஏது? மரம் உட்காருகிறதா? வயலில் நெல் உட்காருகிறதா? அதோ பாருங்கள் பொதிகை மலை. யுகயுகமாக நிற்கிறது. ஒரு நாளாவது ஸ்டூல் கேட்டதா?”

“மலை உக்காந்துல்லா இருக்கு,” என்றாள் முத்துராணி. மெல்லச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

கூடத்தில் சிரிப்பு ஓடியது. பூரணன் கோபப்படவில்லை. உன் கண்ணுக்கு அது உட்கார்ந்திருக்கிறது, தன் மனதுக்குள் அது நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று மலையின் சார்பில் பதில் சொன்னார். அப்படியென்றால் அய்யா மட்டும் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று வேறொருத்தி கேட்டாள். அதற்கு வேணி முந்திக்கொண்டாள். “அது நாற்காலி இல்லை, பீடம். அவர் உட்காரவில்லை. வீற்றிருக்கிறார்.”

முதல் நாள் முழுவதும் வலியோடு உரையாடுகிற பயிற்சி. அவரவர் வலிக்கிற உறுப்பை மரியாதையோடு அழைத்து, அது என்ன சொல்ல விரும்புகிறது என்று கேட்க வேண்டும். ஆசியா உம்மாள் கண்ணை மூடி நின்றாள். வேணி மைக்கை அவள் வாயருகே நீட்டி, கால் என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

“உக்காரச் சொல்லுது.”

“அது வெளிக்கால். உங்கள் உள்காலைக் கேளுங்கள்.”

ஆசியா உம்மாள் உள்ளபடியே முயன்று பார்த்தாள். “அதுவும் அதைத்தான் சொல்லுது. கொஞ்சம் சத்தமாச் சொல்லுது,” என்றாள்.

சாப்பாடும் நின்றுகொண்டுதான். தினைக் கஞ்சியைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்லிக் குடிக்க வேண்டும். இப்படியாக அந்தப் பீடத்தில் சாதாரண உயிர்கள் உட்காரக்கூடிய இடம் கழிப்பறை ஒன்றுதான் என்பதைப் பெண்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் எந்நேரமும் வரிசை நின்றது. உள்ளே போனவர்கள் லேசில் வெளியே வரவில்லை. இதைக் கவனித்த நிர்வாகம் அங்கேயும் ஒரு மாற்றத் தோழியை நிறுத்தியது. கதவுக்கு வெளியே இருந்து அவள், ‘தேவையை உதறுங்கள், தேவையை உதறுங்கள்’ என்று அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பழைய தன்னைப் புதைக்கிற சடங்கு. ஆற்றங்கரையில் செய்ய வேண்டியது. ஆனால் ஆற்றில் மணல் இல்லை. அதையெல்லாம் எப்போதோ லாரி லாரியாகக் கொண்டு போய்விட்டார்கள். கரையில் அமலைச் செடி என்கிற ஆகாயத்தாமரையும் சேறும்தான் கிடந்தன. அதனால் பீடத்தார் பக்கத்தில் எங்கோ பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட் வாங்கிக் கொட்டி, அதில் வரிசையாகப் பள்ளம் பறித்திருந்தார்கள். ஆளுக்கொரு பள்ளத்தில் படுத்து, பழைய நான் செத்துப்போனேன் என்று சொல்ல வேண்டும். தோழிகள் மேலே மணல் தூவுவார்கள். கொம்பு ஊதினதும் புது மனிதராக எழுந்து நிற்க வேண்டும்.

ஆசியா உம்மாள் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். உசிரோடு இருக்கையில் கபரில் போய்ப் படுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். இது வெறும் அடையாளம்தான் என்றாள் வேணி. படுத்தே இருக்கலாமா, நிற்க வேண்டியதில்லையா என்று ஆசியா உம்மாள் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு பிஸ்மில்லா சொல்லிப் படுத்தாள்.

மணல் குளுகுளு என்றிருந்தது. ஆற்றுக் காற்று வந்தது. எத்தனையோ வருஷமாகப் பகல் வெளிச்சத்தில் அவள் முதுகு தரையில் பட்டதில்லை. நோன்புப் பெருநாளன்றுகூடக் கடையில் பாதி நாள் நின்றவள். கால் எரிச்சல் மெல்ல வடிந்து விரல் நுனி வழியாக இறங்கிப் போவது தெரிந்தது. பழைய நான் செத்துப்போனேன் என்பதில் பாதி சொல்வதற்குள் தூங்கிப் போனாள்.

கொம்பு ஊதினார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் எழவில்லை. மறுபடி ஊதினார்கள். வேணி குனிந்து ‘நிமிர்வு, நிமிர்வு’ என்று கூப்பிட்டாள். குறட்டைதான் பதிலாக வந்தது. விஷயம் பூரணனுக்குப் போனது. அவர் வந்து பள்ளத்தைச் சுற்றி நடந்தார். அவள் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்தார். தன் பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். வீடியோ எடுக்கிறவனையும் ஒரு தரம் பார்த்தார்.

“எழுப்பாதீர்கள்,” என்றார். “நான் அடைய ஆண்டுகள் ஆன இடத்துக்கு இந்த எளிய பெண் ஒரே நாளில் போய்விட்டாள். அன்பு உயிர்களே, இதுதான் நிறைநிலை.”

ஆசியா உம்மாள் கண் விழித்தபோது அவள் கழுத்தில் மாலை கிடந்தது. சுற்றிலும் ஆட்கள் கைகூப்பி நின்றார்கள். மௌத்தாகிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டாள். கூட்டத்தில் முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் உயிரோடு இருப்பது உறுதியானது. நான் அசந்து தூங்கிவிட்டேன், வேறொன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தாள். நிறைநிலை அடைந்தவர்கள் எல்லாரும் இப்படி அடக்கமாகத்தான் பேசுவார்கள் என்று பூரணன் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார்.

அன்று சாயங்காலம் வேணி அவளைத் தனியாக அழைத்துப் போனாள். மறுநாள் நிறைவு விழா. பொன்னரும்பு அண்ணாச்சி வருகிறார், மற்றக் கடை முதலாளிகளும் வருகிறார்கள். நிறைநிலை அடைந்த ஊழியர் என்று ஆசியா உம்மாள் மேடையில் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதை வேணியே சொல்லிக் கொடுத்தாள். என் கால் வலி மாயை என்று உணர்ந்துவிட்டேன், எனக்கும் என் தோழிகளுக்கும் இனி இருக்கை தேவையில்லை, நிற்பதே நிறைவு.

“இதைச் சொன்னா என்னாகும்?”

“உங்களுக்குப் பதவி உயர்வும்மா. கடை வாசல்ல நிறைநிலைத் தூதரா உங்களை நிறுத்துதாங்க. வாரவங்களுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லணும்.”

“எம்புட்டு நேரம் நிக்கணும்?”

வேணி சுவரில் சாய்ந்து ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி, மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டாள். குதிகால் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஆசியா உம்மாள் அதைப் பார்த்தாள். பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். வேணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கித் தடவினாள். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சொல்கிறவளைப் போல, அந்தப் பேச்சை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள், இனி ஆய்வுக்கு யார் வந்தாலும் எங்கள் பெண்களே இருக்கை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று போட்டுக் காட்டுவார்கள் என்றாள். மற்றக் கடைக்காரர்களும் அதற்காகத்தான் வருகிறார்களாம். அவர்களும் தங்கள் பெண்களை முகாமுக்கு அனுப்பப் போகிறார்களாம்.

ஆசியா உம்மாள் போய் முத்துராணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முத்துராணி எதற்கும் சிரிக்கிறவள். இதற்குச் சிரிக்கவில்லை.

“நீ ஒறங்குனதுக்கு நாங்க காலம்பூரா நிக்கணுமாக்கா?” என்றாள்.

“நானா மாலை கேட்டேன்?”

“கேக்கல. ஆனா களுத்துல கெடக்குல்லா.”

ஆசியா உம்மாள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வேலை போனால் டீக்கடை ஒன்றை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது. அதை முத்துராணிக்குச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. அவள் வீட்டு நிலையும் அதேதான். இருவரும் சுவரில் சாய்ந்து நின்றபடியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் முதலாளிகளுக்கு சோபா. பெண்கள் பின்னால், விரித்த கம்பளத்தின் மேல் நின்றார்கள். வீட்டாரும் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் அசன் மைதீனும் பஸ் பிடித்து வந்து ஓரமாக நின்றிருந்தான்.

பொன்னரும்பு அண்ணாச்சி முதலில் பேசினார். உணர்ச்சி வசப்பட்டுப் பேசினார்.

“முன்னால எனக்கு ஒறக்கமே வராது. கடைப் பிள்ளைக கால் வலிங்கும், தலைச்சுத்துங்கும், மயங்கி விளும். பார்க்கச் சங்கடமா இருக்கும். பீடத்துக்கு வந்து போன பொறவு நல்லா ஒறங்குதேன். அவங்க கஷ்டம் அப்படியேதான் இருக்கு, ஆனா எனக்குச் சங்கடம் இல்ல. இதுதான் மாற்றம். அய்யா எனக்குப் பற்றறுத்தல்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்தாவ. பொருள் இருக்கணும், ஆனா அதை அனுபவிக்கக் கூடாது. எங்க கடையில ஸ்டூல் இருக்கு. வாங்கி இம்புட்டு நாளாச்சு, இன்னைய வரைக்கும் ஒரு கீறல் விளல.”

முன்வரிசை கைதட்டியது. அடுத்து பூரணன். தான் மெத்தை விற்ற காலத்தை அவரே சொல்லிவிட்டார். அன்று மக்களைப் படுக்கச் சொன்னேன், பாதிப் பேர்கூட வாங்கவில்லை. இன்று நிற்கச் சொல்கிறேன், முதலாளிமார்கள் வரிசையில் வருகிறார்கள். உண்மை எது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்டார். தனக்கு இடுப்பு எலும்பு தேய்ந்திருப்பதால்தான் பீடத்தில் வீற்றிருக்க நேர்கிறது என்றும், உடலால் வீற்றிருந்தாலும் உள்ளத்தால் எல்லாரையும்விட அதிக நேரம் நிற்கிறவர் தான்தான் என்றும் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு நிமிர்வு அவர்களை மேடைக்கு அழைத்தார்.

ஆசியா உம்மாள் படியேறினாள். ஒவ்வொரு படியிலும் கெண்டைக்கால் எரிந்தது. தலை முக்காட்டைச் சரி செய்துகொண்டு மைக்கைப் பிடித்தாள். கேமரா அவளைப் பார்த்துத் திரும்பியது. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றுவது தெரிந்தது. கடையில் சாயங்காலம் ஆனால் எல்லாரும் செய்வதுதான். ஆசியா உம்மாள் மைக்கை வாயருகே கொண்டு போனாள்.

“எம் பேரு ஆசியா உம்மாள்,” என்றாள். “நிமிர்வு இல்ல. நீ எதுக்குப் பொறந்தேன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. அண்ணாச்சிதான் மொதல்ல கேட்டாவ. அதுக்கு நன்றி சொல்லணும். மூணு நாளா யோசிக்கேன். ஒண்ணும் புலப்படல. ஆனா எதுக்குப் பொறக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. அண்ணாச்சி நல்லா ஒறங்கணும்னு நான் நிக்கதுக்குப் பொறக்கல.”

பூரணன் ஆசனத்தின் சிங்க முகத்தை இறுக்கிப் பிடித்தார். வேணி மைக்கை அணைக்க வேண்டியவள். அவள் கை பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

“தொளுகையில படைச்சவன் முன்னால நிக்கணும். அது கடமை. ஆனா முடியாதவங்க உக்காந்து தொளலாம்னு அவனே சலுகை கொடுத்திருக்கான். அல்லாவுக்கு முன்னால உக்காரலாம், உள்பாவாடைக் கட்டுக்கு முன்னால உக்காரக் கூடாதாம். வாள்க்கைக்கு அர்த்தம் தேடச் சொல்லுதீய. தேடுதேன். பெரிய கேள்விலா, உக்காந்துதான் யோசிக்கணும்.”

சொல்லிவிட்டு மேடையிலேயே, அத்தனை பெரிய மனிதர்களுக்கு நேராக, தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து இரண்டு காலையும் அவர்களைப் பார்க்க நீட்டினாள். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தெரிந்துதான் நீட்டினாள்.

பின்னால் முத்துராணி கம்பளத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமலே எல்லாரும். ஓரத்தில் நின்ற அசன் மைதீன் தான் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் தவித்துவிட்டு அவனும் உட்கார்ந்தான். கடைசியாக வேணி செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்தாள்.

பூரணன் லேசுப்பட்டவரில்லை. சட்டென்று இரண்டு கையையும் விரித்து, “பாருங்கள், அன்பு உயிர்களே, நிறைநிலைக்கும் அடுத்த படி இது. அமர்நிலை. அடுத்த மாதம் முதல் நமது பீடத்தில் இதற்கென்றே தனி வகுப்பு—” என்று தொடங்கினார். முன்வரிசை முதலாளிகள் கைதட்டலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“பூதத்தான் தம்பி,” என்றாள் ஆசியா உம்மாள். மைக் அவள் மடியில் இருந்தது. “இது எந்த நெலையும் இல்ல. கால் கடுக்கு. அம்புட்டுதான்.”

தன் பழைய பெயரைக் கேட்டதும் சிற்பி, “ஏய், மைக்கைப் பிடுங்குலே,” என்று அம்பாசமுத்திரத்துப் பேச்சில் கத்தினார். அதுவும் வீடியோவில் பதிவானது. பெண்கள் செருப்பையும் செல்போனையும் தாங்களே போய் எடுத்துக்கொண்டு அவரவர் பெயரோடு வெளியே வந்தார்கள். வேன் அவர்களை ஏற்ற மறுத்துவிட்டது. முக்கூடல் வரை நடந்து, பஸ் பிடித்தார்கள். பஸ்ஸில் கூட்டம் இல்லை. எல்லாருக்கும் இடம் கிடைத்தது.

வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் வீடியோ எப்படியோ வெளியே போய் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அனுப்பியது யார் என்று தெரியவில்லை. வேணி பீடத்து வேலையிலிருந்து நின்றுவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. இப்போது நிறுத்தினால் பேச்சு வரும் என்று அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கடைக்குப் போனபோது மேற்பார்வையாளர் முகத்தைப் பார்க்காமல், அவரவர் இடத்தில் போய் நிற்கும்படி சொன்னார். ஆசியா உம்மாள் ஸ்டூல் கேட்டாள். மேலே சொல்கிறேன் என்றார்.

“நீங்க சொல்ல வேண்டாம். நாங்களே மேல போறோம்,” என்றாள் முத்துராணி.

பெண்கள் லிப்டை நோக்கி நடந்தார்கள். லிப்டை இயக்குகிறவர் ஒரு கணம் தயங்கி, கதவைத் திறந்துவிட்டார். இறங்கி வரும்போது கைக்கொரு ஸ்டூலாக வந்தார்கள். கல்யாணப் பட்டு எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் பிரிவில் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்துப் பெண் ஒரு அரக்கு நிறச் சேலையைக் காட்டக் கேட்டபோது ஆசியா உம்மாள் எழுந்து எடுத்து, விரித்து, முந்தியைக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். சேலைக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்தப் பெண்ணும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு நிறம் இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.

கேமராவில் பார்த்துவிட்டு அண்ணாச்சி இறங்கி வந்தார். “எந்திரிங்க, எந்திரிங்க, அண்ணாச்சி வாறாவ,” என்று மேற்பார்வையாளர் முன்னால் ஓடி வந்தார். பயத்தில் ஒருத்திக்கு உடம்பு பாதி எழுந்துவிட்டது. முத்துராணி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வேறு யாரும் அசையவில்லை.

அண்ணாச்சி பட்டுப் பிரிவின் நடுவில் வந்து நின்றார். கண்ணை மூடினார். மூச்சை உள்ளே இழுத்தார். முகம் மலர்வதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். மலரவில்லை. கண்ணைத் திறந்தபோதும் அவர்கள் உட்கார்ந்தேதான் இருந்தார்கள். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பிரிவின் நடுவில் நிற்கிறவர் அவர் ஒருவர்தான்.

ஆசியா உம்மாள் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரு ஸ்டூலை இழுத்து அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். அந்தச் சத்தம் தளம் முழுவதும் கேட்டது. ஸ்டூலை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“உக்காருங்க அண்ணாச்சி,” என்றாள். “இது நின்னுக்கிட்டுப் பேசுத பேச்சு இல்ல.”